செத்த பால்

மொன்ட்ரியலில் இருக்கும் அக்கா போன நவம்பரில் ஒரு படம் அனுப்பினாள். நாலு கறுப்பு இரும்பு ரிம், அதில் நாலு டயர். 'காருக்குக் குளிர்காலச் செருப்பு வாங்கியாச்சு' என்று எழுதியிருந்தாள். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம். காரோடு வந்தது 16 அங்குல ரிம். பனிக்கு 15 அங்குலம், கொஞ்சம் ஒடுக்கமான டயர். ஒடுக்கமாக இருந்தால்தான் சேறான பனியைக் கிழித்துக்கொண்டு தரையைத் தொடுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதே வாரம் நான் நேர்மாறாகச் செய்திருந்தேன்.

என் ஆக்ஸியாவுக்கு கம்பெனி போட்டுத் தந்தது 14 அங்குல ரிம், 175/65 டயர். அதைக் கழற்றி வைத்துவிட்டு 16 அங்குல ஸ்போர்ட் ரிம், 195/45 டயர் போட்டேன். எல்லாம் செகண்ட் ஹேண்ட். எஞ்சினியர் ஆச்சே, கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன். பழைய சக்கரத்தின் மொத்த விட்டம் 583 மில்லிமீட்டர், புதியது 582. மீட்டர் பிசகாது. டயரின் வரியும் ஆழமாக இருந்தது. வேறென்ன வேண்டும்?

ஒரு சாயங்காலம் காஜாங்கிலிருந்து செமினிக்கு லெக்காஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் அம்மா, பின்னால் பாட்டி. கொட்டுகிற மழை. தொண்ணூறில் போனேன். திடீரென்று ஸ்டீரிங் லேசானது, எதையும் பிடிக்காத மாதிரி. கார் தானாக வழுக்கி அவசரத் தடத்துக்குப் போய் நின்றது. பின்னால் லோரி எதுவும் வரவில்லை. அவ்வளவுதான் எங்கள் அதிர்ஷ்டம். அம்மா பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் காற்றை அளந்தேன். 25 பிஎஸ்ஐ. நாசா விமான டயர்களுக்குக் கண்டுபிடித்த ஒரு வாய்ப்பாடு உண்டு. காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால், தேங்கிய தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் நாட் கணக்கில் வரும். காருக்கு அது தோராயம்தான். 30 பிஎஸ்ஐக்கு மணிக்கு 91 கிலோமீட்டர். என் 25க்கு 83. அகலமான டயர் வேறு, ஒதுக்கித் தள்ளவேண்டிய தண்ணீர் அதிகம். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருந்தது: 2314. 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. வரியைப் பார்த்தவன் வயசைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பாட்டி வெளியே வந்து டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார்.

"நகம் எறங்கவே இல்லடா. செத்த பால் இது."

பாட்டி செமினித் தோட்டத்தில் முப்பது வருஷம் பால் வெட்டியவர். அந்த இடத்தில் இப்போது வீடுகள். மழை பெய்தால் மரப்பட்டை நனைந்து, பால் மங்குக்கு வராமல் பட்டையோடு வழிந்துவிடும். அன்றைக்கு வேலை இல்லை, கூலியும் இல்லை.

"மழைன்னா நாங்க லயத்துல பசியோட கெடப்போம். நீ மழையில தொண்ணூறுல போற."

சாதாரண டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். அதனால்தான் அக்காவுக்கு மிருதுவான ரப்பர். அந்த டயரை நம் ஊர் வெயிலில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அங்கே ரப்பரைக் கெட்டியாக்குவது குளிர், இங்கே வெயிலும் வயசும். நமக்குக் குளிர்காலம் இல்லை என்று சிரித்தேனே, மழைக்காலம் இருக்கிறது.

ரிம்மை விற்றேன். வாங்க வந்தவர் டயரையும் கேட்டார். தரவில்லை. பழைய 14 அங்குல ரிம்முக்கே 175/65 புது டயர் நாலு போட்டேன். நாலிலும் தேதியைக் குனிந்து படித்ததைப் பார்த்து தவுக்கே சிரித்தார். ஏறக்குறைய எழுநூறு வெள்ளி.

பாட்டி புது டயரைத் தடவிப் பார்த்தார். "இதுல நம்ம பால் எவ்வளவு இருக்கும்?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "கொஞ்சம்தான் பாட்டி. கார் டயர்ல பெட்ரோலியத்துல செய்யுற ரப்பர்தான் அதிகம். ஏரோப்ளேன் டயர்லதான் மரத்துப் பால் நெறைய."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"உங்க அக்கா போன ஏரோப்ளேன்லயுமா?"

"ஆமா பாட்டி."

அவர் இதுவரை விமானம் ஏறியதில்லை. தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார்.