ஒரு தடவைக்கு எவ்வளவு?

 

பேத்தி ஆன்லைனில் ஒரு குர்தி வாங்கினாள். மூன்றே தடவை போட்டாள். சாயம் இறங்கி, தையல் விட்டு, போன வாரம் அது அடுப்படிக் கரித்துணி ஆகிவிட்டது. "போனா போகுது பாட்டி, 399 ரூபாதானே" என்றாள். நான் விடுவேனா? 399ஐ மூன்றால் வகுக்கச் சொன்னேன். ஒரு தடவை போட 133 ரூபாய். "உன் புடவைக்கும் போடு, பார்க்கலாம்" என்று பேனாவை என் கையில் கொடுத்துவிட்டாள்.

முதலில் 2009 தீபாவளிக்குக் கோ-ஆப்டெக்ஸில் எடுத்த பச்சை காஞ்சி காட்டன். உங்களில் பாதிப் பேருக்கு அது ஞாபகம் இருக்கும். விலை 920, முப்பது சதவீதத் தள்ளுபடி போக 644. வருஷத்துக்கு இருபது தடவை வீதம் ஏழு வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டினேன். ஆக 140 தடவை. ஒரு தடவைக்கு 4 ரூபாய் 60 காசு. பெருமையாக நிமிர்ந்தேன். "இஸ்திரி காசு?" என்றாள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு தடவையும் கஞ்சி போட்டு, தெருமுனை வண்டியில் 5 ரூபாய் கொடுத்தேன். சேர்த்தால் 9 ரூபாய் 60 காசு. புடவையை விட இஸ்திரிக்குத்தான் அதிகம் கொடுத்திருக்கிறேன்! பாலியஸ்டர் கட்டிய டீச்சர்கள் அப்போதே சொன்னார்கள். ஜூன் மாதப் புழுக்கத்தில் அதைக் கட்டிக்கொண்டு நாற்பது பிள்ளைகள் நடுவில் நின்று பார்த்தால் தெரியும்.

நம்ம ராயபுரத்தில் துணியின் ஆயுளைத் துறைமுகமும் சேர்ந்துதான் தீர்மானித்தது. மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினால் கையெல்லாம் கரி. என் வீட்டுக்காரருக்கு வெள்ளையைத் தவிர வேறு பிடிக்காது. மூன்று வருஷம் உழைக்க வேண்டிய சட்டை ஒரே வருஷத்தில் பழுப்பாகிவிடும். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்றது, சட்டைகள் பிழைத்தன. அந்தக் கரி எண்ணூர்ப் பக்கம் போனது. அங்கே இருக்கும் என் நாத்தனார் இப்போது துணியை வீட்டுக்குள்ளேயே காயப்போடுகிறார்.

அடுத்து பட்டு. மகள் கல்யாணத்துக்கு 2004இல் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எடுத்தது, 6,800 ரூபாய். ட்ரை வாஷுக்குக் கொடுத்த ஆயிரத்தையும் சேர்த்தால் 7,800. இதுவரை கட்டியது ஒன்பதே தடவை. வகுத்தால் 867 ரூபாய் வந்தது. பேத்தி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பீரோவுக்குள்ளேயே கடல் காற்றில் ஜரிகை கறுத்துக்கொண்டிருக்கிறது. ஏன் கட்டவில்லை? "போன விசேஷத்துக்கும் இதையேதானே கட்டினே" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான்.

அந்த வார்த்தையை நானே ஒரு குழந்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

1998இல் நடந்தது. ஐந்தாம் வகுப்புப் பெண், அப்பா காசிமேட்டில் போட்டுக்குப் போகிறவர். அப்போது இலவசச் சீருடை ஒரு செட்தான், இப்போது போல நான்கு இல்லை. கலர் டிரஸ் என்றால் அவளுக்கு ஒரே ஒரு மஞ்சள் பாவாடை. பிறந்த நாள், ஆண்டு விழா, குரூப் போட்டோ எல்லாவற்றுக்கும் அதுதான். வளர வளர அவள் அம்மா டக்கைப் பிரித்துவிட்டிருந்தார். பிரித்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும், மற்றது வெளுத்திருக்கும். குழந்தைகள் தினத்தன்று வகுப்புக்கு நடுவில், "இதையேதான் போட்டுட்டு வருவியா? வேற டிரஸ்ஸே இல்லையா?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். "இது நல்லாத்தானே டீச்சர் இருக்கு" என்றாள். அந்த வருஷ ஆண்டு விழாவுக்கு அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள்.

அந்தப் பாவாடை எப்படியும் 200 ரூபாய்க்குள்தான் இருக்கும். அறுபது தடவையாவது போட்டிருப்பாள். கணக்கு வாத்தியார் நான்தான், அன்றைக்கு வகுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. அம்மா, நீ எந்த ஊரில் இருக்கிறாயோ தெரியாது. இதைப் படித்தால், நான் அப்படிக் கேட்டது தப்பு. நீ சொன்னதுதான் சரி, நல்லாத்தான் இருந்தது.

மாசியில் அண்ணன் பேத்திக்குக் கல்யாணம். அதே பட்டைத்தான் கட்டப்போகிறேன், சொந்தக்காரர்கள் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது தடவை, 780க்கு இறங்கும். ரவிக்கைதான் பிடிக்கிறது. டெய்லரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருக்கிறது, பிரித்து விடலாம் என்றார்.