துவரை விதைக்கு ஏன் இத்தனை பாடு?

சாம்பாருக்குக் கொதிக்கிற துவரம்பருப்பில் ஒரு பங்காவது கலபுர்கியிலிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கர்நாடகத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மாவட்டம் அது (2014 வரை குல்பர்கா). கரிசல் மண், வானம் பார்த்த விவசாயம். ஜூன், ஜூலையில் விதைத்தால் டிசம்பர், ஜனவரியில்தான் அறுவடை. பல சிறு விவசாயிகளுக்கு வருடத்தில் கையில் காசு வருவது அந்த ஒரு முறைதான். 2019-இல் குல்பர்கா துவரம்பருப்புக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பருப்புக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதை விளைவிக்கிறவருக்கு நல்ல விதை கிடைக்கிறதா என்று கேட்டால்தான் சிக்கல்!

துவரைக்கு முதல் எதிரி வாடல் நோய். ஒரு பூஞ்சைதான் காரணம். மண்ணிலேயே வருடக்கணக்கில் கிடக்கும், வேர் வழியாக ஏறும். நாலு மாதம் பச்சையாக நின்ற செடி பூக்கும்போதோ காய் பிடிக்கும்போதோ திடீரென்று தலை தொங்கிக் காய்ந்துவிடும். உழவு, களையெடுப்பு, மருந்து என்று எல்லாச் செலவும் முடிந்த பிறகு! அந்த நேரத்தில் எதைத் தெளித்தும் செடியைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. பயிரை மாற்றி மாற்றிப் போடுவது, விதை நேர்த்தி செய்வது எல்லாம் ஓரளவு உதவும். முக்கியமான பாதுகாப்பு விதைக்குள்ளேயே இருக்க வேண்டும். அதாவது நோய் தாங்கும் ரகமாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு ரகம் 1986-இலேயே வந்தது. ஐதராபாத் பக்கத்தில் பட்டஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் நிறுவனம் கொடுத்த ஐ.சி.பி. 8863. கர்நாடகத்தில் 'மாருதி' என்ற பெயரில் வெளியானது. வாடலை நன்றாகத் தாங்கியது. சில வருடங்களிலேயே வட கர்நாடகத்தில் பரவிவிட்டது. அடுத்து 1990-களின் தொடக்கத்தில் 'ஆஷா' வந்தது. அது வாடலோடு மலட்டுத் தேமல் நோயையும் தாங்கியது. பிறகு டி.எஸ்.3ஆர் மாதிரி இன்னும் பல. ஆக, ரகத்துக்குப் பஞ்சமில்லை. 2011-இல் துவரையின் மரபணுத் தொகுப்பையே படித்துவிட்டார்கள், அதுவும் ஆஷாவை வைத்து. ஆனால் ரகத்தை வெளியிடுவது ஒரு நாள் வேலை. அதன் சுத்தமான விதையை வருடா வருடம் இரண்டு ஏக்கர்காரர் கையில் சேர்ப்பது முடிவே இல்லாத வேலை.

இதில் தேனீக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நெல்லில் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துவிடும். அதனால் விதை நெல்லைக் கொஞ்சம் கவனமாக எடுத்து வைத்தால் ரகம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. துவரை அப்படியில்லை. அதன் மஞ்சள் பூவுக்குத் தேனீயும் வண்டும் வந்துகொண்டே இருக்கும். பக்கத்து வயலில் வேறு ரகம் இருந்தால் அந்த மகரந்தமும் வந்து சேரும். சாதாரணமாக நூற்றுக்கு இருபது, முப்பது பூக்களில்கூட இப்படிக் கலப்பு நடக்கும். முதல் வருடம் சுத்தமாக வாங்கிய மாருதி நாலாவது வருடம் பெயரளவுக்கு மாருதி. ஒரு செடி முன்னால் காய்க்கிறது, ஒரு செடி பின்னால் காய்க்கிறது, ஒரு செடி வாடி நிற்கிறது. விவசாயி ரகத்தைத் திட்டுகிறார். பாவம், ரகம் என்ன செய்யும்?

சான்று விதைக்கு அரசு விதித்த விதியைப் பார்த்தால் சிறு விவசாயியின் கஷ்டம் புரியும். வேறு துவரை ரகத்திலிருந்து 100 மீட்டர் விலகி இருக்க வேண்டும். இரண்டு ஏக்கர் சதுர வயல் ஒன்றின் பக்கமே சுமார் 90 மீட்டர்தான்! வயலைவிட விலகு தூரம் பெரியது. கணக்குப் போட்டால், அந்த இரண்டு ஏக்கரைச் சுற்றிப் பதினாறு, பதினேழு ஏக்கரில் வேறு துவரை ரகம் இருக்கக் கூடாது. அந்த நிலமெல்லாம் நாலைந்து பேருடையது. அவர்கள் ஒத்துழைக்காமல் ஒருவர் தனியாக நல்ல துவரை விதை எடுக்கவே முடியாது. நிலம் அதிகம் வைத்திருப்பவர் நடுவில் விதைப் பயிரும் ஓரத்தில் வேறு பயிரும் போட்டுக்கொள்ளலாம். சிறு விவசாயிக்கு ஊர் சேர்ந்தால்தான் வழி.

கம்பெனிகள் தரக்கூடாதா என்று கேட்கலாம். ஏக்கருக்குச் சுமார் 5 கிலோ விதை போதும். ஒரு ஏக்கரில் நாலைந்து குவிண்டால் விளைந்தால் அது எண்பது, நூறு ஏக்கருக்கு விதையாகிவிடும். ஒரு முறை வாங்கியவர் அடுத்த சில வருடம் கடைப்பக்கம் வர மாட்டார். இதில் எந்த வியாபாரிக்கு ஆர்வம் வரும்? பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் வீரிய ஒட்டு விதையை வருடா வருடம் விற்கலாம். துவரையிலும் அதைச் செய்து பார்த்தார்கள். 2010-இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியான ஐ.சி.பி.எச். 2671 அப்படிப்பட்டதுதான். விளைச்சல் கூடும் என்பது உண்மை. ஆனால் ஒட்டு விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்க முடியாது, வருடா வருடம் காசு வேண்டும். மழையை நம்பி இருப்பவருக்கு அது லேசான முடிவு இல்லை.

மீதி இருப்பது அரசு வழி. வல்லுநர் விதை, அதிலிருந்து ஆதார விதை, அதிலிருந்து சான்று விதை. மஞ்சள் அட்டை, வெள்ளை அட்டை, நீல அட்டை. ஒவ்வொரு படிக்கும் ஒரு பருவம், ஆக மூன்று வருடம். சந்தை மூன்று வருடம் காத்திருக்குமா? 2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது நினைவிருக்கும். அடுத்த பருவத்தில் எல்லாரும் துவரை விதைத்தார்கள். 2015-16-இல் சுமார் 26 லட்சம் டன்னாக இருந்த நாட்டு விளைச்சல் 2016-17-இல் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. விலையோ சரிந்தது. மூன்று வருடத்துக்கு முன்பே திட்டம் போட்ட நீல அட்டை மூட்டைகள் இப்படித் திடீரென்று பெருகிய பரப்புக்கு எப்படிப் போதும்? அந்த மாதிரி வருடத்தில் விதைப்புக்குப் போவது மண்டித் துவரைதான். பார்த்தால் விதை மாதிரியே இருக்கும், அதுதான் ஆபத்து.

அதே 2016-17-இல் மத்திய அரசு பருப்பு வகைகளுக்காக 150 விதை மையங்களை அறிவித்தது. நல்ல காரியம். ஆனாலும் 2022-23 பருவத்தில் கலபுர்கியிலும் சுற்று மாவட்டங்களிலும் வாடல் மறுபடி வெளுத்து வாங்கியது. மாநில அரசு ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் நிவாரணம் தர வேண்டி வந்தது. நோய் தாங்கும் என்ற ரகத்தையும் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கும் புது விதை வேண்டும். மறுபடி அதே வரிசை.

வழி ஓரளவு தெரிந்ததுதான். ஒரு ஊர் முழுக்க ஒரே ரகத்தைப் போட்டால் தேனீ எங்கே போனாலும் கவலையில்லை, 100 மீட்டர் பிரச்சினை ஊர் எல்லையில் மட்டும்தான். பூக்கும் சமயத்தில் வயலில் நடந்து கலவன் செடிகளைப் பிடுங்க வேண்டும். விதைக்குத் தனிக் களம் வேண்டும். பயறு வண்டு காயிலேயே முட்டையிட்டு வீட்டுக்கு வந்துவிடும் என்பதால் நன்றாகக் காய வைக்க வேண்டும். (தமிழ்நாட்டில் துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்து எடுத்து வைப்பார்கள், வண்டு அண்டாது.) விதை கிராமத் திட்டம் என்று அரசும் மானியத்தில் ஆதார விதை, சான்று விதை கொடுக்கிறது.

இடறுவது இன்னொரு இடத்தில். விதையாகக் கொடுத்தால் மண்டியைவிடக் கூடுதல் விலை உண்டு. ஆனால் சுத்திகரிப்பு, பரிசோதனை (முளைப்புத்திறன் 75 சதம், சுத்தம் 98 சதம்), அட்டை எல்லாம் முடிந்து முழுப் பணம் வர மாதங்கள் ஆகும். மண்டியில் ஜனவரியிலேயே காசு. உரக்கடைக் கடனும் பள்ளிக் கட்டணமும் உள்ளவர் எங்கே போவார்? விதை எடுத்த அன்றே பாதிப் பணத்தையாவது முன்பணமாகக் கொடுக்கிற ஒரு கூட்டுறவுச் சங்கம் இருந்தால் அந்த மூட்டை ஊரிலேயே தங்கும். இல்லாவிட்டால் கலவன் பிடுங்கி, தேனீக்குக் காவல் இருந்து எடுத்த விதையும் பருப்பு மில்லுக்குத்தான் போகும். ஜூன் மாதம் அதே விவசாயி, பத்துக் கிலோ விதை தேடி வரிசையில் நிற்பார்.