லங்காஸ்டரின் மதுப்பேழைகளும் அவற்றைச் செய்த கைகளும்

இங்கிலாந்தின் வடமேற்கில், லூன் ஆற்றங்கரையில் அமைந்துள்ள லங்காஸ்டர் நகரம் 18ஆம் நூற்றாண்டில் மரத்தளவாடத் தொழிலால் பெயர்பெற்றது. 1730ஆம் ஆண்டை ஒட்டி ராபர்ட் கில்லோ என்ற தச்சர் அங்கே தொடங்கிய பட்டறை, அவருடைய மக்கள் காலத்தில் லண்டனிலும் விற்பனைக்கூடம் வைக்கும் நிலைக்கு உயர்ந்தது. கோட்டைக்கு அருகே, வழக்கு விசாரிக்க வரும் நீதிபதிகள் ஒரு காலத்தில் தங்கிய மாளிகை இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. கில்லோ பட்டறையின் மேசைகளும் நாற்காலிகளும் அலமாரிகளும் அங்கே காக்கப்படுகின்றன. அப்பட்டறையும் அதன் சமகாலத்துப் பட்டறைகளும் செய்த பொருள்களுள் தச்சரின் திறனை மிகக் கடுமையாகச் சோதித்தது, அளவில் சிறியதான மதுப்பேழையே எனலாம். ‘செல்லரெட்’ என்று அழைக்கப்படும் இப்பேழை, ஒயின் புட்டிகளை வைத்துப் பூட்டுவதற்காகக் குட்டையான கால்களின் மேல் அமைக்கப்படும் ஆழமான மரப்பெட்டியாகும்.

இதன் தேவை வணிகத்திலிருந்து பிறந்தது. 1703ஆம் ஆண்டில் இங்கிலாந்தும் போர்த்துக்கலும் செய்துகொண்ட மெத்துவன் ஒப்பந்தம், போர்த்துக்கீசிய ஒயினுக்குப் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவான தீர்வையை உறுதிசெய்ததால், செல்வர் வீடுகளில் போர்ட் ஒயின் பெருகியது. நிலவறையிலிருந்து அன்றாடத் தேவைக்கு எடுத்த புட்டிகளை உணவறையிலேயே பூட்டி வைக்க விரும்பியவர்கள், பரிமாறும் மேசையின் அடியில் நிற்கத்தக்க பேழையை நாடினர். தளவாடத் தச்சர் ஹெப்பிள்வைட்டின் மனைவி, கணவர் மறைந்த பின் 1788ஆம் ஆண்டில் வெளியிட்ட தளவாட மாதிரி நூலிலும் இவ்வகைப் பேழைகள் இடம்பெற்றன. பேழையின் உட்புறத்தில் ஈயத்தகடு பொதிந்து, புட்டிக்கொரு அறையாகத் தடுப்புகள் வைப்பது வழக்கம். பனிக்கட்டி இட்டுக் குளிர்விக்கப் பயன்பட்டவற்றில், உருகிய நீரை வெளியேற்றச் சிறு குழாயும் அமைந்தது.

வெளியே கணப்பின் வெப்பமும் உள்ளே ஈரமும் நிலவ, நடுவில் நிற்கும் மரம் என்ன செய்யும் என்பதே தச்சர் எதிர்கொண்ட முதன்மையான கேள்வி. மரம் தன் ரேகை ஓடும் நீளவாக்கில் ஏறக்குறைய மாறுவதில்லை. குறுக்குவாக்கில்தான் ஈரத்தை ஏற்று விரிந்தும் இழந்து சுருங்கியும் அசைகிறது. பச்சை மரம் முற்றிலும் உலரும்போது, வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் மஹோகனி ஏறத்தாழ 4 விழுக்காடும், ஐரோப்பிய ஓக் ஏறத்தாழ 8 விழுக்காடும் சுருங்குகின்றன. மஹோகனியைத் தளவாடத் தச்சர்கள் விரும்பியதற்கு அதன் செந்நிறப் பொலிவைவிட இந்த அடக்கமே வலுவான காரணம் என்று கருத இடமுண்டு.

சதுரப் பேழையின் நான்கு பக்கப் பலகைகளிலும் ரேகை கிடைமட்டமாகச் சுற்றி ஓடுமாறு வைத்து, மூலைகளைப் புறாவால் மூட்டால், அதாவது நுனி அகன்ற பற்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து விலகாமல் நிற்கும் கோர்வையால், இணைப்பர். அப்போது நான்கு பலகைகளும் உயரத்தில் மட்டும் ஒருசேர அசைவதால் மூலை பிளப்பதில்லை. அடிப்பலகை பசையின்றி வரித்தடத்தில் தளர்வாகச் செருகப்படுகிறது. நீள்வட்டப் பேழையோ வேறு வகையைச் சேர்ந்தது. விளிம்பு சாய்த்துச் சீவிய குறுகிய பட்டிகளைச் செங்குத்தாக நிறுத்தி, வஜ்ஜிரப் பசையால் ஒட்டி, பித்தளை வளையங்களால் இறுக்கிச் செய்யப்படும் அது உண்மையில் பீப்பாய்த் தச்சரின் முறையாகும். இதில் ஒவ்வொரு பட்டியும் அகலத்தில் சிறிதளவே சுருங்கினாலும் அந்தச் சுருக்கங்கள் யாவும் சுற்றளவில் கூடி, வளையம் கழன்று, இடுக்குகள் திறக்கின்றன. குளிர்காலத்தில் வீடு முழுவதையும் குழாய்களால் சூடேற்றும் இக்கால வழக்கம் அறைக்காற்றை வறளச் செய்வதால், கணப்பைத் தாங்கி நின்ற பேழைகளும் இப்போது பழுதுபார்ப்போரின் மேசைக்கு வருகின்றன.

பட்டறையின் வேலைமுறையை அறிய அருங்காட்சியகப் பொருள்களைவிட உதவுபவை கில்லோவின் மதிப்பீட்டு ஏடுகள் ஆகும். 1784ஆம் ஆண்டிலிருந்து தொடரும் இவ்வேடுகள், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. தளவாடத்தின் வரைபடத்தை ஒட்டி, எவ்வளவு மரம், எவ்வளவு பசையும் ஆணியும், கூலி எவ்வளவு, செய்த தச்சர் யார் என்பவை அவற்றில் எழுதப்பட்டுள்ளன. இழுப்பறைகளின் மறைவான பக்கங்களில் தச்சர்கள் பென்சிலால் இட்ட கையொப்பங்களும் இன்றுவரை கிடைக்கின்றன. கூலியை முதலாளி தன் விருப்பப்படி வகுத்துவிட முடியாத ஒரு நிலை அக்காலத்தில் உருவாகிக்கொண்டிருந்தது என்பதும் இங்கே எண்ணத்தக்கது: 1788ஆம் ஆண்டில் லண்டன் தளவாடத் தச்சர் சங்கம் வெளியிட்ட விலைநூல், ஒரு பொருளுக்கு அடிப்படைக் கூலியைக் குறித்துவிட்டு, கூடுதலாக வைக்கும் ஒவ்வோர் உறுப்புக்கும், ஒவ்வொரு வளைவுக்கும் தனிக்கூலி வகுத்தது. தொழில்நுட்ப அறிவே கூலிப் பேச்சின் கருவியாக மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

ஆனால் மஹோகனியை வெட்டியவர்களை இந்த ஏடுகளில் காண முடியாது. அமெரிக்கக் குடியேற்றங்களின் மரத்துக்கு இருந்த இறக்குமதித் தீர்வையை 1721ஆம் ஆண்டின் சட்டம் நீக்கிய பின், ஜமைக்காவின் மஹோகனி லங்காஸ்டருக்கு வரத் தொடங்கியது. அதே துறையிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்கும் கப்பல்கள் சென்றன. அடிமை வணிகத்தில் ஈடுபட்ட ஆங்கிலத் துறைமுகங்களுள் லங்காஸ்டர் நான்காவது இடத்தில் இருந்தது. ஜமைக்காவின் காடுகள் குறைந்த பின் மரம் தேடிய வணிகம், இன்று பெலீஸ் என வழங்கும் ஹொண்டூராஸ் விரிகுடாக் கரைக்கு நகர்ந்தது. அங்கே அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கருள் ஒருவர் காட்டுக்குள் தனியே சென்று, உயரமான மரத்தில் ஏறி, இலைகளின் நிறத்தைக்கொண்டு மஹோகனி நிற்கும் இடத்தைக் கண்டறிவார். அடிமரத்தின் விரிந்த வேர்ப்புடைப்புக்கு மேலே பரண் கட்டி, அதன்மேல் நின்று கோடரியால் வெட்டுவர். வெட்டிய மரத்தை, பகல் வெப்பத்தில் எருதுகள் சோர்ந்துவிடும் என்பதால், இரவில் பந்த வெளிச்சத்தில் ஆற்றங்கரைக்கு இழுத்து, மழைவெள்ளத்தில் மிதக்க விடுவர். மரத்தின் ரேகையைப் படிக்கும் அறிவு லங்காஸ்டரில் தொடங்கவில்லை. நிற்கும் மரத்தைத் தேர்ந்த அந்த மனிதரிடமே அது தொடங்கியது. ஆகவே இத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர் ஏட்டில் பெயர் எழுதப்பட்டவர்களோடு நிறுத்திக்கொள்வது, பாதித் தொழிலை மட்டுமே விவரிப்பதாகும்.

இன்று ஒயின் அலமாரி செய்யும் ஆங்கிலப் பட்டறைகளின் கணக்கு வேறு. பழைய பேழையில் புட்டிகள் நிமிர்ந்து நின்றன. சில நாள்களில் குடித்துவிடும் ஒயினுக்கு அது போதும். நெடுநாள் சேமிப்புக்கோ புட்டி படுத்திருக்க வேண்டும், ஏனெனில் கார்க் அடைப்பு உலர்ந்தால் காற்று புகுந்து ஒயின் புளித்துவிடும். பொதுவான புட்டி 30 சென்டிமீட்டர் நீளமும் 7.5 சென்டிமீட்டர் குறுக்களவும் கொண்டது, நிரம்பியபோது ஏறத்தாழ 1.25 கிலோகிராம் எடையுள்ளது; பர்கண்டி வகைப் புட்டி இன்னும் பருமனானது என்பதால், ஒவ்வோர் அறைக்கும் 10 சென்டிமீட்டர் வாய் விடுகின்றனர். 48 புட்டிகள் வைத்தால் 60 கிலோகிராம் சுமை ஏறும் நிலையில், தட்டுகளைத் திருகாணியில் தொங்கவிடாமல் பக்கப் பலகையில் வெட்டிய வரித்தடத்தில் ஏற்றுவதும், கதவுச் சட்டத்தைக் கழுந்தும் துளையுமாகக் கோப்பதும் கட்டாயமாகின்றன. மேற்பூச்சாக அரக்கை மதுசாரத்தில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்க்கும் முறை இன்னும் வழக்கில் உள்ளது. அவ்வரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளில் அரக்குப்பூச்சி வளர்க்கும் குடும்பங்களின் உழைப்பாகும்.

மஹோகனி மட்டும் அரிதாகிவிட்டது. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கரீபிய மஹோகனி 1992ஆம் ஆண்டிலும், மத்திய அமெரிக்காவின் பெரிய இலை மஹோகனி 2003ஆம் ஆண்டிலும் சேர்க்கப்பட்டதால், தச்சர்கள் உடைந்த பழைய தளவாடங்களின் பலகைகளையோ, பெரும்பாலும் ஐரோப்பிய ஓக்கையோ நாடுகின்றனர். ஓக் ஏறத்தாழ இரு மடங்கு அசையும் மரம் என்பதால், அதைக்கொண்டு கதவு செய்பவர் நடுப்பலகைக்கு வரித்தடத்தில் விடும் இடைவெளியைக் கூட்டுகிறார். கோடையில் செய்த கதவாயின், குளிர்காலத்தில் பலகை சுருங்கும்போது விளிம்பில் பூச்சில்லாத வெண்கோடு தெரியாதிருக்க, கோப்பதற்கு முன்பே பலகையின் ஓரங்கள்வரை பூச்சைத் தேய்த்து முடிக்கிறார்.