பற்றலும் விடலும்

நுழையும்முன்
காற்று கண்ணுக்குப் புலப்படாதது. ஆயினும் அதில் கலந்துள்ள ஒரு வாயுவை மட்டும் திண்மப்பொருளொன்றால் பிரித்தெடுக்க இயலும். ஒருகாலத்தில் விண்கலத்தில் மூவரின் உயிரைக் காத்த அந்நுட்பம், இன்று வெப்பம் மிகுந்துவரும் புவிக்கும் உதவுமா என்னும் வினா எழுந்துள்ளது. அதன் திறனையும் எல்லையையும் எடுத்துரைக்கிறது இக்கட்டுரை.

மூச்சே பகையான நாள்கள்

1970ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், நிலவை நோக்கி விரைந்துகொண்டிருந்த அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் கலன் ஒன்று வெடித்தது. ஜேம்ஸ் லவெல், ஜாக் ஸ்விகர்ட், பிரெட் ஹைஸ் ஆகிய மூவரும், நிலவில் இறங்குவதற்கென உடன் கொண்டுசென்ற சிறுகலத்தில் தஞ்சம் புகுந்தனர். இருவர் ஏறத்தாழ இரண்டு நாள் தங்குவதற்காக அமைக்கப்பட்ட கலம் அது. சுவாசிப்பதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதில் இருந்தது. அவர்களை அச்சுறுத்தியது அவர்கள் வெளிவிட்ட மூச்சுதான். அதிலுள்ள கார்பன் டைஆக்சைடு மணிக்கு மணி பெருகியது.

அவ்வாயுவைப் பற்றிக்கொள்ளும் லித்தியம் ஹைட்ராக்சைடு பெட்டிகள் தாய்க்கலத்தில் இருந்தன. ஆனால் அவை சதுர வடிவின. சிறுகலத்தின் பொருத்துவாய்களோ வட்ட வடிவின. கலத்தினுள் கிடைத்த அட்டை, நெகிழித்தாள், குழாய், ஒட்டுநாடா ஆகியவற்றைக் கொண்டே இரண்டையும் இணைக்கும் வழியைத் தரையிலிருந்த பொறியாளர்கள் கண்டறிந்து, வானொலிவழி ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தனர். வாயுவின் அளவு குறைந்தது. ஏப்ரல் 17 அன்று மூவரும் உயிருடன் புவி திரும்பினர்.

லித்தியம் ஹைட்ராக்சைடு ஆற்றல் மிக்கது. ஆனால் பற்றியதை எளிதில் விடாதது. வாயுவோடு வினைபுரிந்து அது லித்தியம் கார்பனேட்டாக மாறிவிடுகிறது. ஒருமுறை நிரம்பிய பெட்டி மீண்டும் பயன்படுவதில்லை. சில நாள் பயணத்திற்கு இது போதும். மாதக்கணக்கில் விண்ணில் வாழ்வோர் எத்தனை பெட்டிகளைத் தூக்கிச் செல்ல முடியும்? ஆதலால் 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் விண்நிலையத்தில், நுண்துளைகள் நிறைந்த சியோலைட் என்னும் திண்மம் பயன்படுத்தப்பட்டது. அது நிரம்பியதும் விண்வெளியின் வெற்றிடத்திற்குத் திறந்துவிடப்படும். பற்றிய வாயு நீங்க, சியோலைட் மீண்டும் பணிக்கு அணியமாகும். பிடிப்பது பாதிப் பணி. விட்டுவிட்டு மீண்டும் பிடிப்பதே முழுப்பணி என்னும் தெளிவு அன்றே பொறியியலில் வேரூன்றிவிட்டது.

பரப்பில் ஒட்டும் வாயு

மருந்துப் புட்டிகளிலும் புதிய காலணிப் பெட்டிகளிலும் சிறு பொட்டலம் ஒன்று இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அதனுள் இருப்பது சிலிக்கா ஜெல். காற்றின் ஈரத்தை அது தன் நுண்துளைகளின் பரப்பில் ஒட்டவைத்துக்கொள்கிறது. இதனைப் பரப்புக் கவர்தல் என்பர். இதற்குப் பரப்பு மிகுதியாக வேண்டும். தூளாக்கப்பட்ட ஒரு கிராம் கிளர்வுற்ற கரியின் உட்பரப்பை விரித்துப் பார்க்க இயலுமாயின், அது ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் வரை பரவும். ஒரு சிட்டிகைக்குள் ஒரு வயல் அடங்கியிருப்பது போன்றது இது.

ஈரத்தைப் பிடிப்பதினும் கார்பன் டைஆக்சைடைப் பிடிப்பது கடினம். நிலக்கரி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் நூறு மூலக்கூறுகளுள் பத்துக்கு மேல் அவ்வாயுவினதாக இருக்கும். திறந்த காற்றிலோ பத்து இலட்சம் மூலக்கூறுகளுள் ஏறத்தாழ 420 மட்டுமே அது. அவ்வளவு அரிதாகக் கலந்ததைத் தேடிப் பற்றுவதற்கு வலிய ஈர்ப்பு வேண்டும். ஈர்ப்பு மிகுந்தால் பிரித்தெடுக்கும்போது வெப்பம் மிகுதியாகச் செலவாகும். ஈர்ப்பு குறைந்தால் வாயு கைக்கு அகப்படாமல் நழுவிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே தக்க அளவை நாடுவதே திண்மக் கவர்பொருள் பொறியியலின் சாரம்.

சியோலைட்டுக்கு வேறொரு குறையும் உண்டு. அது கார்பன் டைஆக்சைடைவிட நீராவியையே பெரிதும் விரும்பும். எனவே காற்றை முதலில் உலர்த்தியாக வேண்டும். இதனால் அமீன் என்னும் கரிமச் சேர்மத்தை நுண்துளைத் திண்மத்தில் பதித்துப் பயன்படுத்தும் முறை வளர்ந்தது. ஈரக்காற்றிலும் அமீன் தன் பணியைச் செய்யும். எனினும் வெப்பமும் ஆக்சிஜனும் நாளடைவில் அதனைச் சிதைக்கின்றன. எத்தனை ஆயிரம் சுற்றுகளுக்கு அது தாக்குப்பிடிக்கும் என்பதைப் பொறுத்தே செலவும் பயனும் அமையும்.

ஐஸ்லாந்தின் கல்லறைகள்

சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் பயின்ற கிறிஸ்டோப் கெபால்ட், யான் வுர்ஸ்பாக்கர் என்னும் இருவர், 2009இல் கிளைம்வொர்க்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அந்நிறுவனம் 2021 செப்டம்பரில் ஐஸ்லாந்தின் ஹெல்லிஷெய்தி என்னும் இடத்தில் ‘ஓர்க்கா’ நிலையத்தை இயக்கியது. பெரும் விசிறிகள் காற்றை இழுக்கின்றன. பெட்டிகளுக்குள் உள்ள கவர்பொருள் வாயுவைப் பற்றுகிறது. நிரம்பிய பெட்டி மூடப்பட்டு, ஏறத்தாழ 100 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கப்படுகிறது. பற்றிய வாயு தூயதாக வெளிவருகிறது. அருகிலுள்ள புவிவெப்ப மின்நிலையமே இதற்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது.

விடுவித்த வாயுவுக்கு ஓர் இருப்பிடம் வேண்டுமே! கார்ப்ஃபிக்ஸ் என்னும் நிறுவனம் அதனை நீரில் கரைத்து, நிலத்தடியிலுள்ள எரிமலைப் பாறைக்குள் செலுத்துகிறது. அங்குள்ள கால்சியம் முதலிய தனிமங்களோடு கூடி அது கல்லாகிவிடுகிறது. 2012இல் இந்நிலப்பகுதியில் செய்த முதற்சோதனையில், செலுத்திய வாயுவில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டாண்டுகளுக்குள் கல்லாயிற்று. புகையாய்ப் பறந்தது பாறையாய் உறங்கியது.

அரை நிமிடத்தின் கணக்கு

ஆண்டுக்கு 4,000 டன் வாயுவைப் பிடிப்பதற்கென ஓர்க்கா வடிவமைக்கப்பட்டது. 2024இல் இயங்கத் தொடங்கிய ‘மம்மத்’ நிலையத்தின் இலக்கு 36,000 டன். நடைமுறையில் இவை பிடித்தது இவ்வளவினும் குறைவே. முழு அளவை எட்டியதாகவே கொள்வோம். உலகம் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு முதலியவற்றால் ஆண்டுதோறும் வெளியிடும் கார்பன் டைஆக்சைடு ஏறத்தாழ 3,700 கோடி டன். அவ்வகையில், மம்மத் ஓர் ஆண்டு முழுவதும் உழைத்துப் பிடிப்பதை உலகம் அரை நிமிடத்தில் வெளியிட்டுவிடுகிறது.

இக்கணக்கைக் கண்டு இம்முயற்சி வீண் என எண்ணுவோர் உளர். இயந்திரம் வந்துவிட்டது, இனி எவ்வளவும் எரிக்கலாம் என மகிழ்வோரும் உளர். இரண்டும் முறையல்ல. விமானம், வேளாண்மை போன்ற துறைகளின் உமிழ்வை முற்றிலும் நீக்குவது அரிது. அதை ஈடுசெய்யக் காற்றிலிருந்து வாயுவை அகற்றுவதும் தேவைப்படும் எனப் பன்னாட்டுக் காலநிலை மாற்றக் குழு 2022இல் உரைத்தது. எனவே இந்நுட்பம் எஞ்சிய கறையைத் துடைக்கும் துணி. ஓடும் குழாயை மூடும் கை ஆகாது.

ஒரு நொடியில் எரித்துச் சிதறவிட்டதைத் திரட்ட எவ்வளவு பரப்பு, எவ்வளவு வெப்பம், எத்தனை ஆண்டு உழைப்பு வேண்டியிருக்கிறது! சிதறடிப்பது எளிது, சேர்ப்பது அரிது என்பதை இயற்கை விலையிட்டுக் காட்டுகிறது. நாளைய பொறியாளர்கள் இன்னும் மலிவான, நெடுநாள் உழைக்கும் கவர்பொருளைப் படைக்கக்கூடும். அவர்களது சுமையைக் குறைக்கும் எளிய வழி, இன்றே குறைவாக எரிப்பதாகும்.