என்ன பண்ணுது?

கீரனூர் தாண்டியதும் வண்டி நின்றுவிடும். திருச்சியில் கிளம்பும்போது நன்றாகத்தான் இருக்கும். மாத்தூர் வரை ஒரு குறையும் தெரியாது. கீரனூருக்குப் பிறகு முதலில் இழுவை குறையும், அப்புறம் திணறும், அப்புறம் அணைந்துபோகும். சாலையோரப் புளியமரத்தடியில் கால்மணி நேரம் நிறுத்திவைத்தால் ஒரே உதையில் கிளம்பிவிடும். புதுக்கோட்டையில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போன மூன்று சனிக்கிழமையும் இதே கதை.

பாலக்கரையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் உண்டு. எல்லோருக்கும் அவர் ‘பாய்’. முதல் வாரம் அவரிடம் போய், “கார்புரேட்டர் அடைச்சிருக்கு பாய், கழட்டி க்ளீன் பண்ணிடுங்க” என்றேன். செய்தார். அடுத்த வாரமும் நின்றது. “பிளக் போயிருக்கும் பாய், மாத்திடுங்க” என்றேன். மாற்றினார். மறுபடியும் நின்றது. மூன்றாம் முறை நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“எது போச்சுன்னு நான் பாத்துக்கறேன் தம்பி. வண்டிக்கு என்ன பண்ணுது? அதை மட்டும் சொல்லு.”

சொன்னேன். எத்தனை கிலோமீட்டரில் நிற்கிறது, வெயிலிலா நிழலிலா, எல்லாம் கேட்டார். நின்றதும் நான் என்ன செய்தேன் என்று கேட்டார். பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்த்ததைச் சொன்னேன். “திறந்தப்போ ஏதாச்சும் சத்தம் வந்துச்சா?” உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது உண்மைதான். அதையெல்லாம் போய் ஒருவரிடம் சொல்வதா என்று விட்டுவிட்டிருந்தேன். “மூடியில வேற யாராவது கை வச்சாங்களா?”

அங்கே தயங்கினேன். ஒரு மாதம் முன்பு பெட்ரோல் கசிகிறது என்று வேறொரு கடையில் மூடியின் ரப்பரை மாற்றியிருந்தேன். வேறு கடைக்குப் போனது தெரிந்தால் பாய் வருத்தப்படுவார் என்று மறைத்திருந்தேன். சொன்னதும் அவர் வருத்தப்படவில்லை. நேரே மூடியைத் திருகி எடுத்து, உள்ளே விரலால் தடவிப் பார்த்தார். புதிதாகப் போட்ட ரப்பர், காற்று உள்ளே போகிற துளையை முழுக்க மூடியிருந்தது. டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோலை இறங்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். நிறுத்திவைத்தால் எங்கிருந்தோ கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து சரியாகும். அந்த ‘உஸ்’, அடைபட்டுக் கிடந்த டேங்க் மூச்சு இழுத்த சத்தம். ரப்பரைப் பிடுங்கி ஒரு தகர டப்பாவில் போட்டுவிட்டு வேறொன்றைப் பொருத்தினார். இரண்டு நிமிட வேலை.

“போய்ட்டு வந்து சரியாச்சான்னு சொல்லு” என்றார்.

எனக்கு அந்தக் கேள்விகள்தான் மனதில் நின்றன. என்ன பண்ணுது, எப்போதிலிருந்து, யார் கை வைத்தது. யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “எங்க உஸ்தாத். பட்டாளத்துல இ.எம்.இ.ல இருந்தவரு. வண்டிக்காரன் வந்து ‘இது போச்சு’ன்னு சொன்னா ஸ்பேனரை எடுக்காதேம்பாரு.” அதற்கு மேல் அவருக்குத் தெரியவில்லை. உஸ்தாத் காலமாகி ஆண்டுகள் ஆகின்றன.

அங்கிருந்து தேட ஆரம்பித்தேன்.

இ.எம்.இ. என்பது இந்திய ராணுவத்தின் மின், இயந்திரப் பொறியாளர் படை. 1943இல் உருவானது. அதற்கு முந்தைய ஆண்டு, 1942 அக்டோபர் 1 அன்று, பிரிட்டிஷ் ராணுவம் இதே வேலைக்கென்று தனிப் படை ஒன்றை அமைத்திருந்தது. அதுவரை அங்கே வண்டி பழுதுபார்ப்பு பல பிரிவுகளில் சிதறிக் கிடந்தது. தேர்ந்த தொழிலாளிகள் தங்கள் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத இடங்களில் வீணாகிறார்கள் என்று வில்லியம் பெவரிட்ஜ் தலைமையிலான குழு சுட்டிக்காட்டியதும் அந்தப் படை உருவாக ஒரு காரணம். போர்க்களத்தில் வண்டியை ஓட்டுகிறவர் ஒருவர், அதைப் பழுதுபார்க்கிறவர் பல மைல் தள்ளி இருக்கும் இன்னொருவர். இருவரும் முகம் பார்த்துக்கொள்ளாமலே போகலாம். அப்போது ஓட்டுநர் கண்டதும் கேட்டதும் சொல்லாக மட்டுமே பட்டறைக்குப் போய்ச் சேரும். அந்தச் சொல் சுத்தமாக இல்லாவிட்டால் நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் கெட்ட பாகத்தோடு வண்டி களத்துக்குத் திரும்பும். உஸ்தாதின் கண்டிப்பு எனக்கு இங்கே புரிந்தது.

அமெரிக்க ராணுவத்தில் இது இன்னும் விரிவாக நடந்திருக்கிறது. 1951 ஜூன் மாதம், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, ‘பி.எஸ்.’ என்ற மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. வாகனங்களையும் கருவிகளையும் பராமரிப்பதைப் பற்றிப் படைவீரர்களுக்குச் சொல்லும் இதழ். படம் வரைந்தவர் சாதாரண ஆள் அல்ல. ‘தி ஸ்பிரிட்’ சித்திரக் கதையைப் படைத்த வில் ஐஸ்னர். 1971 வரை இருபது ஆண்டுகள் அதில் வேலை செய்தார். அவர் காலத்து இதழ்களை வர்ஜீனியா காமன்வெல்த் பல்கலைக்கழக நூலகம் படமெடுத்துப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அவற்றில் நான் அதிக நேரம் செலவழித்தது கேள்வி-பதில் பக்கத்தில். சார்ஜண்ட் ஹாஃப்-மாஸ்ட் மெக்கானிக் என்றொரு கற்பனைப் பாத்திரம். எங்கெங்கோ இருக்கும் வீரர்கள் அவருக்குக் கடிதம் எழுதுவார்கள்; அவர் பதில் சொல்வார். எழுதியவரின் பெயர் முழுதாக இருக்காது. பதவியும் முதலெழுத்துகளும் மட்டும்.

அந்தப் பக்கம் என்னைத் தொட்டதற்குக் காரணம் உண்டு. பழுதைச் சொல்வது அவமானம் என்ற எண்ணத்தை அது கரைத்துவிடுகிறது. ராணுவத்தில் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று மேலதிகாரியிடம் போய் நிற்பது எளிதல்ல. ‘நான் கை வைத்தேன், கெட்டுப்போனது’ என்று சொல்வது அதைவிடக் கடினம். முதலெழுத்துகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு உள்ளதை உள்ளபடி கேட்க அங்கே ஓர் இடம் இருந்தது. பதிலும் கேட்டவர் ஒருவருக்காக இல்லை. அதே வண்டியை வைத்துக்கொண்டு அதே குழப்பத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் சேர்த்துத்தான். வேறு கடைக்குப் போனதை பாயிடம் மறைத்த எனக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரிந்தது.

ராணுவத்துக்கு வெளியே? ‘பாப்புலர் சயன்ஸ்’ இதழில் 1925இலிருந்து 1970 வரை, மார்ட்டின் பன் என்ற பெயரில், கஸ் வில்சன் எனும் பட்டறைக்காரரைப் பற்றிய கதைத் தொடர் வந்திருக்கிறது. யாரோ ஒருவர் காரோடு வந்து நிற்பார், தன் முடிவைச் சொல்வார். கஸ் கேட்டுக்கொண்டு வேறெங்கோ தேடுவார். நாற்பத்தைந்து ஆண்டுகள் வாசகர்கள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப விரும்பிப் படித்திருக்கிறார்கள் என்றால், அது அவர்கள் வீட்டு வாசலிலும் நடந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இன்னும் பின்னால் போனால் முதல் நெடும்பயணமே வந்துவிடுகிறது. கார்ல் பென்ஸ் தன் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது 1886 ஜனவரியில். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல், மகன்கள் ஆய்கனையும் ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் உள்ள தாய்வீட்டுக்கு அந்த வண்டியை ஓட்டிப்போனார். நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊரில் மருந்துக் கடைக்காரரிடம் லிக்ராயின் என்ற கரைப்பான் எண்ணெயை வாங்கினார். சங்கிலி கெட்டபோது கொல்லரிடம் போனார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடித்துக்கொண்டார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் தானே குத்திவிட்டார்.

முதலில் இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம். பாயின் விதிக்கு நேர் எதிராக அல்லவா பெர்த்தா நடந்திருக்கிறார்! நோயையும் தானே கண்டுபிடித்து, மருந்தையும் தானே சொல்லி, ஒவ்வொருவரிடமும் கைவேலையை மட்டும் வாங்கியிருக்கிறார். ஆனால் வேறு வழி ஏது? அந்தக் கொல்லரும் செருப்புத் தைப்பவரும் மோட்டார் வண்டியை அதற்கு முன் தொட்டவர்கள் அல்லர். அந்தச் சாலை முழுவதிலும் வண்டியைப் பற்றி அதிகம் தெரிந்தவர் பெர்த்தாதான். வீடு திரும்பிய பிறகோ அவர் செய்தது வேறு. மேட்டில் வண்டி ஏறவில்லை, பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது என்று கார்லிடம் நடந்ததைச் சொன்னார். கார்ல் ஏற்றத்துக்கென்று இன்னொரு கியரைச் சேர்த்தார். தன்னைவிடத் தெரிந்தவர் முன்னால் வந்ததும் பெர்த்தாவின் பேச்சே மாறிவிட்டதாக எனக்குப் படுகிறது.

அப்படியானால் இந்த விதி வண்டியோடு பிறந்தது அல்ல. வண்டியை வைத்திருப்பவரும் வண்டியை அறிந்தவரும் வேறு வேறு ஆட்களாகப் பிரிந்த பிறகு தேவைப்பட்டது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டு மாடல் டி வண்டியைப் பலர் வீட்டிலேயே பிரித்துப் பூட்டினார்கள். அவர்கள் யாரிடமும் விவரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆக, நான் தேட வேண்டியது வண்டியை அல்ல. துன்பப்படுகிறவர் ஒருவர், அறிந்தவர் இன்னொருவர் என்று எங்கே முதலில் பிரிந்தார்களோ அந்த இடத்தை.

அது மருத்துவம். பாயின் கேள்வியிலேயே அது இருந்தது, நான் கவனிக்கவில்லை. காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டு அம்மா கேட்பது ‘என்ன பண்ணுது?’ மருத்துவர் கேட்பதும் அதுதான். நோயாளியிடம் ‘உனக்கு என்ன நோய்?’ என்று நம் ஊரில் யாரும் கேட்பதில்லை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, நா, நிறம், விழி ஆகியவற்றோடு மொழியும் ஒன்று. நோயாளியின் பேச்சும் குரலும்கூடச் சோதனைப் பொருள்.

கிரேக்க மருத்துவர் எபேசஸ் நகர ரூஃபஸ், ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பு, நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கென்றே ஒரு நூல் எழுதினார். கேள்வியே தேவையில்லை, மருத்துவன் தானே கண்டுகொள்ளலாம் என்று சொன்னவர்களும் அன்று இருந்தார்கள்; ரூஃபஸ் அதை மறுத்தார். நோய் எப்போது தொடங்கியது, முன்பு இப்படி வந்ததுண்டா என்று நோயாளியையே முதலில் கேட்கச் சொன்னார். வெளியூருக்குப் போனால் அங்கத்துத் தண்ணீரைப் பற்றி உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொன்னார்.

இங்கேயே நின்றிருப்பேன், இன்னொன்று கண்ணில் படாமல் இருந்தால். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி பாய் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். 1816இல் பாரிஸில் ரெனே லேனக் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதும் இதே வேலைதான். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது. அவருக்கு முன்பே, 1761இல், மார்பை விரலால் தட்டி நோய் அறியும் முறையை வியன்னாவில் வெளியிட்டவர் லியோபோல்டு அவுன்புருக்கர். கிராட்ஸ் நகரில் விடுதி நடத்தியவரின் மகன். பீப்பாயில் மது எதுவரை இருக்கிறது என்று தட்டிப் பார்க்கிற வழக்கம் அவர் வளர்ந்த வீட்டில் இருந்தது. பீப்பாய் தட்டிய கை மார்பைத் தட்டியது. மார்பில் வைத்த காது இப்போது இன்ஜினில் இருக்கிறது. பட்டறை மருத்துவமனையிடம் கடன் வாங்கியதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் நடந்திருக்கிறது.

சத்தம் என்றதும் இன்னொன்று. பாஸ்டன் நகர வானொலியில் 1977இல் தொடங்கிப் பின்னர் நாடு முழுக்க ஒலித்த ‘கார் டாக்’ நிகழ்ச்சியில், டாம், ரே மாக்லியோட்ஸி சகோதரர்களிடம் பேச வந்தவர்கள் தங்கள் கார் போடும் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவார்கள். நமக்கு அதற்கு மொழியே தயாராக இருக்கிறது. கடகட, டபடப, கிறீச், உஸ், ‘மிஸ் அடிக்குது’, ‘மூச்சு வாங்குது’, ‘இருமுது’. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பழுதைக் காட்டும். இத்தனை நுட்பமான சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு, பாதி தெரிந்த பாகத்தின் பெயரைச் சொல்லி ஏன் நிற்கிறோம்? தெரிந்தவன் போலக் காட்டிக்கொள்ள வேண்டும், ஏமாற்றிவிடுவார்கள் என்ற பயம். நான் கார்புரேட்டர் என்றது அந்தப் பயத்தில்தான். அதனால் நான் இழந்தது இரண்டு வாரம். பாய் இழந்தது தேவையில்லாத இரண்டு வேலை.

நான்கு சனிக்கிழமை வண்டி நிற்கவே இல்லை. நான் பாய் கடைப் பக்கம் போகவும் இல்லை. ஹிப்போகிராட்டிஸ் மரபின் ‘எபிடெமிக்ஸ்’ நூல்களைப் பற்றிப் படித்தபோதுதான் உறைத்தது. அவற்றில் முதலாம், மூன்றாம் நூல்களில் 42 நோயாளிகளைப் பற்றி நாள்வாரியாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அவர்களில் 25 பேர் இறந்துபோனார்கள்; அதையும் எழுதியிருக்கிறார்கள். முடிவு தெரியாத குறிப்பு அடுத்த நோயாளிக்கு உதவாது.

மறுநாள் காலை பாலக்கரைக்குப் போனேன். கடையின் பின்சுவரில், நீளமான கம்பி ஒன்றில், தேய்ந்த வால்வு, வெடித்த வாஷர், கருகிய பாயின்ட் என்று கோத்துத் தொங்கவிட்டிருப்பார். பையன்களுக்குப் பாடம் சொல்ல வைத்திருப்பவை.

“சரியாயிடுச்சு பாய். நாலு வாரம் ஆச்சு, ஒரு தடவைகூட நிக்கல.”

“நாலு வாரமா?” என்று கேட்டுவிட்டுப் பையனைக் கூப்பிட்டார். பையன் தகர டப்பாவைத் துழாவி அந்த ரப்பர் வளையத்தை எடுத்தான். பாய் அதை வெளிச்சத்தில் பிடித்து, துளை இருந்திருக்க வேண்டிய இடத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். பிறகு பையன் ஸ்டூல் மேல் ஏறி அதைக் கம்பியில் கோத்தான்.