கலண்டரில் ஒரு சிறு வட்டம்

இலங்கையில் அச்சாகும் கலண்டரில் மாதத்துக்கு ஒரு தேதியின் பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்று போட்டிருக்கும். அது முழுநிலா. காஸ் சிலிண்டர் மாற்றிய தேதியையும் சீட்டுக் காசு கட்டவேண்டிய தேதியையும் அதே கட்டங்களில் குறித்துவைக்கிற நாங்கள், அந்த வட்டத்தை லீவு நாள் என்பதற்கு மேல் யோசிப்பதில்லை. எனக்கோ சில வருடங்களாக அதன்மீது பெரிய ஆசை பிடித்திருக்கிறது. புதுக் கலண்டர் கைக்கு வந்தவுடன் பன்னிரண்டு தாளையும் புரட்டி, யாருடைய பெருநாள் யாருடைய பெருநாளுக்குக் கிட்ட வருகிறது என்று பார்ப்பேன். நட்சத்திரப் பலன் பார்க்கிறவர்களுக்கு உள்ள ஆவல் எனக்கு இதில்.

தன்னாமுனையில் இருப்பவருக்கு இந்த ஆசை இயல்பானது. மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் சத்துருக்கொண்டானுக்கு அடுத்து வருவது எங்கள் ஊர். புனித சூசையப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்த கத்தோலிக்க ஊர். மேற்கே வாவி. இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் ஏறாவூர். அங்கே முஸ்லிம்களும் இந்துக்களும். வருடத்தில் எந்த மாதமானாலும் இரண்டு மூன்று மைல் தூரத்துக்குள் யாராவது விரதம் இருப்பார்கள், யாராவது விரதம் முடித்துப் பலகாரம் சுடுவார்கள். இதில் வாவியும் சேரும். முழுநிலவுக் காலத்தில் வலைக்குப் பெரிதாகப் படாது என்று இறால் பிடிக்கிற ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள், அவர்கள் எந்தச் சமயமானாலும். நிலவைப் பார்த்துத் தொழிலுக்குப் போகும் பழக்கம் சமயத்துக்கு முந்தியது.

அந்தச் சின்ன வட்டத்துக்கு ஒரு காலத்தில் இருந்த அதிகாரம் இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 1966 ஜனவரி முதல் 1971 வரை இந்த நாட்டில் ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை. டட்லி சேனநாயக்காவின் அரசாங்கம் பௌத்தர்களின் போயா நாள்களை வார விடுமுறை ஆக்கியது. பூரணை, அமாவாசை, இடையில் வரும் இரண்டு அரைநிலா நாள்கள் என்று மாதத்துக்கு நான்கு போயா. அதற்கு முந்திய நாள் அரை நாள் வேலை. நிலவு ஏழு நாள் கணக்குக்குக் கட்டுப்படாதபடியால் சில வாரம் ஏழு நாளிலும் சில வாரம் எட்டு நாளிலும் முடிந்தது. உலகத்தோடு வியாபாரம் செய்யும் நாட்டுக்கு அது பெரிய சிக்கல். 1971இல் ஞாயிறு திரும்பி வந்தது. முழுநிலாப் போயா மட்டும் விடுமுறையாக நின்றுவிட்டது. அன்றைக்கு இறைச்சிக் கடையும் தவறணையும் இன்றும் பூட்டுத்தான்.

அம்மா அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை. ஞாயிறு பூசைக்கு விடியமுன் எழும்பிப் போனதை அவர் எத்தனையோ தரம் சொல்லக் கேட்டிருக்கிறேன். இருட்டோடு கோயில், பூசை முடிந்து ஓட்டமாக வீட்டுக்கு, வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு பள்ளிக்கூடம். வேலைக்குப் போகிற ஆண்கள் பிரசங்கம் நீண்டால் பின்கதவைப் பார்ப்பார்களாம். ஊரில் மனக்குறை இல்லாமல் இருக்குமா? ஞாயிற்றைப் பறித்துவிட்டார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் எங்கள் வீட்டுக்குத் துணி கொண்டுவந்து விற்கிற ஏறாவூர்க் காக்காவிடம் அம்மம்மா இதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். அவர் துணிக்கட்டை அவிழ்த்துக்கொண்டே, “எங்களுக்கு வெள்ளிக்கிழமை எப்பவும் வேலை நாள்தானே பிள்ள. ஜும்ஆவுக்குப் போயிட்டுத் திரும்பவும் கடையைத் திறக்கிற நாங்கதானே” என்றாராம். அவர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அம்மம்மா அதற்குப் பிறகு ஞாயிற்றைப் பற்றிப் புலம்பியதை அம்மா கேட்கவில்லை.

இந்தக் கதையை நான் பெரிதாக மதிக்கிறேன். அரசாங்கம் ஒரு சமயத்தின் நாளை எல்லாருக்கும் பொதுவாக்கியது சரியல்ல என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஐந்தாறு வருடத்தில் எங்கள் ஊர் கற்ற பாடம் வேறு. நாங்கள் சொந்தம் என்று நினைத்திருந்த ஓய்வு நாள் பக்கத்து ஊருக்கு ஒருபோதும் வாய்த்ததில்லை என்பதும், வேலைக்கு நடுவில் தொழுது எழும்புவதே அவர்களின் வழமை என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது.

முஸ்லிம்களின் கணக்கு முழுநிலவோடு நிற்பதில்லை. அது தலைப்பிறையில் தொடங்குகிறது. பிறை காணும் மாலையில் ஏறாவூரில் மேற்கு வானத்தைப் பார்த்து நிற்பார்கள். கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வரவேண்டும். அவர்களின் வருடம் சூரிய வருடத்தைவிடப் பதினொரு நாளளவு குறைவு. அதனால் நோன்புப் பெருநாள் ஒவ்வொரு வருடமும் முன்னுக்கு நகர்ந்து, முப்பத்துமூன்று வருடத்தில் எல்லாப் பருவத்தையும் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கு வரும். சித்திரைப் புத்தாண்டோடு ஒரு காலம், நத்தாரோடு ஒரு காலம்.

2000இல் நத்தாருக்கு இரண்டு மூன்று நாள் கழித்து நோன்புப் பெருநாள் வந்தது. அதாவது டிசம்பர் 25 அன்று ஏறாவூர் நோன்பில் இருந்தது. அந்த நத்தாரில் எங்கள் குசினியில் நடந்த கணக்கை நான் மறக்கவே மாட்டேன். ரிச் கேக்குக்குப் பழங்களைப் பிரண்டியில் ஊறப்போடுவது எங்கள் வழக்கம். காக்காவின் வீட்டுக்கு அது ஆகாது. அவர் மௌத்தாகிப் பல வருடம் ஆகியிருந்தாலும் மகளின் குடும்பத்தோடு எங்களுக்குப் போக்குவரத்து இருந்தது. அவர்களுக்கென்று பிரண்டி படாத பழங்களைத் தேன்பாகில் ஊறவைத்து, வேறு தட்டில் தனிக் கேக் சுட்டார் அம்மா. அடுத்த ஒழுங்கையில் இருந்த சைவக் குடும்பத்தில் அந்த அம்மா ஏதோ நேர்த்திக்காக விரதம், முட்டை தொடமாட்டார். அவருக்குப் பயற்றம் பணியாரமும் முறுக்கும். காலையில் பூசை முடிந்ததும் சைவ வீட்டுத் தட்டு போய்விட்டது. ஏறாவூர்த் தட்டு மேசையில் வெள்ளைத் துணிக்கடியில் இருந்தது. கொண்டுபோகட்டுமா என்று கேட்டேன். “நோன்பு பிடிச்சிருக்கிற சனத்துக்கு முன்னால பகலில கேக்கைக் கொண்டுபோய் நீட்டுறதா மனே? பாங்கு சொல்லட்டும்” என்றார். மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி சைக்கிளில் புறப்பட்டேன். பள்ளிவாசல் பாங்கையும் கோயில் மணியையும் ஒரே மனத்தில் ஓடவிட்டிருந்த அந்தப் பெண்ணுக்குச் சமய ஒற்றுமை பற்றிப் பேச ஒரு வசனம்கூடத் தெரியாது.

எங்கள் உயிர்த்த ஞாயிறும் நிலவின் பிடியில்தான் இருக்கிறது. எல்லாச் சபைகளும் ஒரே ஞாயிறைக் கொண்டாடவேண்டும் என்று 325இல் நிசேயாச் சங்கம் தீர்மானித்தது. பின்பு நிலைபெற்ற கணக்கின்படி மார்ச் 21இலோ அதற்குப் பிறகோ வரும் முதல் பூரணையை அடுத்த ஞாயிறே அது. மார்ச் 22க்கு முன்னும் ஏப்ரல் 25க்குப் பின்னும் வராது. இதனால் பெரிய வியாழன் இரவில் நிலவு எப்போதும் முழுமைக்கு அருகில் இருக்கும். இராத்திரி ஆராதனை முடித்து வெளியே வரும்போது முற்றத்து மணலெல்லாம் வெளிச்சமாய் இருப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்து வருகிறேன். கெத்சமனியிலும் அன்று நிலவுதான். யூதரின் பாஸ்கா பூரணையில் வருவது. ஆனாலும் இயேசுவைப் பிடிக்க வந்தவர்கள் விளக்கும் தீவட்டியும் கொண்டுவந்தார்கள் என்கிறது யோவான் நற்செய்தி. அத்தனை நிலவில் தீவட்டி எதற்கு? ஒலிவ மரங்களின் நிழலுக்குள் ஒளிந்திருப்பார் என்று நினைத்திருப்பார்கள். ஒளியாமல் அவராகவே எதிரே வந்து நின்றார்.

இவ்வளவு கணக்கும் ஒரே இடத்தில் கூடிய நாள் 2019 ஏப்ரல் 19. அன்று பெரிய வெள்ளி. அதே நாள் சித்திரா பூரணை. அதே நாள் பக் போயா. ஷஃபான் மாத நடுவில் வரும் பராஅத் இரவும் அந்த நாள்களை ஒட்டியே வந்தது. இந்துக்கள் சித்திரா பூரணையில் இறந்துபோன தாய்க்காக விரதம் இருப்பார்கள். கோயில்களில் சித்திரகுப்தர் கதை படித்துக் கஞ்சி வார்ப்பார்கள். நாங்கள் அன்று சிலுவையடியில் நின்ற ஒரு தாயைப் பற்றித் தியானித்தோம். பக் போயாவில் பௌத்தர்கள் நினைப்பது புத்தர் நாகதீபத்துக்கு வந்ததை. மணியாசனம் ஒன்றுக்காகப் படை திரட்டி நின்ற மகோதரன், சூளோதரன் என்ற இரண்டு நாக அரசர்கள், மாமனும் மருமகனும். அவர்களைச் சமாதானப்படுத்த வந்தார் என்பது கதை. பராஅத் இரவைக் கைக்கொள்ளும் முஸ்லிம்கள் கண்விழித்துப் பாவமன்னிப்புக் கேட்பார்கள். தாயின் நினைவு, தாயின் துக்கம், சண்டை தீர்த்த கதை, மன்னிப்பு. ஒரு நாடு தன் நெஞ்சை ஆற்றிக்கொள்ள இதைவிட நல்ல நாள்களைத் தேடிப் பிடிக்க முடியாது.

இரண்டு நாள் கழித்து உயிர்த்த ஞாயிறு காலையில் குண்டுகள் வெடித்தன. கொழும்பிலும் நீர்கொழும்பிலும் போல மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும். அங்கே இறந்தவர்களில் பலர் ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்த பிள்ளைகள். மே மாதம் தொடங்கிய நோன்பில் எங்கள் வீட்டுக்கு ஏறாவூரிலிருந்து கஞ்சி வரவில்லை. எங்களிலும் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. வீதியில் சோதனைச் சாவடி, மனத்திலும் அதுவே. செய்தவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத மனிதர்கள் எங்களைக் கண்டால் தலையைக் குனிந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் கோபத்தைப் பேசி ஆற்ற யாருக்கும் வாயில்லை.

அது வைகாசி. எங்கள் பகுதிக் கண்ணகி அம்மன் கோயில்களுக்கு வருடத்தில் அந்த மாதம்தான் கதவு திறக்கும். செட்டிபாளையம், காரைதீவு என்று கடலோரம் முழுக்கச் சடங்கு நடக்கும். வைகாசிப் பூரணையை ஒட்டிச் சிங்களவர் வெசாக் கூடு கட்டித் தன்சலில் சாப்பாடு கொடுப்பார்கள். அவர்களுக்கும் கண்ணகி சொந்தம், பத்தினி தெய்யோ என்று. எங்கள் பகுதிச் சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி. மதுரையை எரித்தும் அடங்காமல் வந்த அவளின் சூட்டைத் தண்ணீர் தெளித்து, பாடிப் பாடித் தணிப்பது. கண்ணகியைக் கும்பிடும் வீட்டில் நான் பிறக்கவில்லை. அந்த வருடம்தான் அந்தச் சடங்கின் அறிவு எனக்கு உறைத்தது. அநியாயமாய்ப் பறிகொடுத்தவளின் கோபம் நியாயமானது என்று முதலில் ஒப்புக்கொள்கிறார்கள். கோபப்படாதே என்று யாரும் அவளுக்குப் புத்தி சொல்வதில்லை. ஊரே கூடி நின்று குளிரவைக்கிறது. போன வருடம் குளிர்ந்தாள் என்பதற்காக இந்த வருடம் விடுவதுமில்லை. கோபம் ஒருமுறை தணிந்து முடிகிற சங்கதி அல்ல என்று அந்தக் காலத்துச் சனங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வருட நத்தாருக்கும் அம்மா பிரண்டி படாத கேக்கைச் சுட்டார். அதுபற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நோன்பு இல்லாத மாதம் என்றாலும் பழைய பழக்கத்தில் பாங்குக்குப் பிறகே அனுப்பினார். காக்காவின் மகள் தட்டை வாங்கிக்கொண்டு, வெறும் தட்டு திருப்பி அனுப்பக் கூடாது, பெருநாளைக்கு அனுப்புகிறேன் என்றாராம். 2020இன் பெருநாள் கொரோனா ஊரடங்குக்குள் அகப்பட்டது. தட்டு அவர்கள் வீட்டிலேயே தங்கியது. ஊரடங்கெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு பெருநாளில் வட்டிலப்பத்தோடு வந்து சேர்ந்தது.

ஒருவருடைய பெருநாளை மற்றவர் கொண்டாடவேண்டும் என்று நான் கேட்கவில்லை. குளிர்த்தி குளிர்த்தியாகவும் நோன்பு நோன்பாகவும் இருக்கட்டும். ஆனால் பக்கத்து வீட்டில் இன்று என்ன நாள், இன்று அவர்கள் எதைச் சாப்பிடமாட்டார்கள், எத்தனை மணிக்கு அவர்களின் வாசலுக்குப் போகலாம் என்பதைத் தெரிந்துவைத்திருப்பது கல்வி. பாடப்புத்தகத்தில் எல்லாச் சமயப் படமும் போட்டால் அது வராது. குசினியில் வளர்ந்தால் வரும். எங்கள் பிள்ளைகளுக்கு இது குறைந்துகொண்டு வருகிறது என்ற கவலை எனக்கு உண்டு. கேக்கைக் கடையில் வாங்குகிற வீட்டில் யாருக்காக எதை விலக்குவது என்ற பேச்சே எழாது. அதனால்தான் டிசம்பரில் மகளைக் குசினியில் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, எந்தப் பழம் எந்தக் கேக்குக்கு, ஏன் என்று சொல்லிச் சொல்லிச் செய்கிறேன்.

அவளுக்கு நான் காட்டி வைத்திருக்கிற வருடம் 2033. முப்பத்துமூன்று வருடச் சுற்று முடிந்து, அந்த ஒரே வருடத்தில் நோன்புப் பெருநாள் இரண்டு தரம் வருகிறது: ஜனவரி தொடக்கத்தில் ஒன்று, பிறகு நத்தாருக்கு ஒன்றிரண்டு நாள் முன்னர் இன்னொன்று. பிறை கண்டால்தான் உறுதி. ஆனாலும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது. இந்த முறை நத்தாருக்கு முன்பே நோன்பு முடிந்துவிடும். ஏறாவூர் வீட்டுக்குப் போகும் கேக் மஃரிப் வரை துணிக்கடியில் காத்திருக்கத் தேவையில்லை. விடியப் பூசை முடிந்த கையோடு மகள் கொண்டுபோகலாம்.