மலையைக் காணோம்!

செங்கோட்டையில் சாரல் சீசன். டீயை வாங்கிக்கொண்டு திரும்பினால், எதிரே நின்ற மலையைக் காணோம்!

''மலை எங்க சார் போவும்? மேகம் மறைச்சிருக்கு'' என்றார் கடைக்கார அண்ணாச்சி.

சிரிப்பு வந்தது. கூடவே குன்னூரும் ஞாபகம் வந்தது. 2021 டிசம்பர் 8. தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்து 14 பேர் பலி. இயந்திரக் கோளாறில்லை, சதியில்லை. வானிலை திடீரென்று மாற, மேகத்துக்குள் புகுந்து, விமானி நிலை தடுமாறி மோதியதாக விசாரணைக் குழு சொன்னது.

கண்ணால் பார்த்துப் பறக்கிற சின்ன விமானங்களுக்கும் இதே கண்டம்தான். மலை நெருங்குவதை எச்சரிக்கக் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் பாலபாடம் ஒன்றுதான்: மேகம் மூடுமுன் திரும்பிவிடு.

குற்றாலத்தில் வெள்ளம் கூடினால் போலீஸ் விரட்டுகிறது. முணுமுணுத்துக்கொண்டே திரும்புகிறோம். அதிலென்ன கௌரவக் குறைச்சல்? அருவி நாளைக்கும் இருக்கும். நாமும் இருக்க வேண்டாமா?